இடது பாதத்தில் எவ்வளவு எடை

மகளுக்குப் பதினான்காவது வாரத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பி வந்த மதியம். வீட்டு வாசலை நெருங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"இன்னாம்மா, ஒத்தக் கால் செருப்போட வர்ற?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது பாதம் வெறுமையாகத் தரையில் இருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிடத் தார்ச்சாலை. சித்திரை வெயில். சுட்டிருக்க வேண்டும். எனக்கு எதுவும் சுடவில்லை.

தூக்கமில்லாததால் வந்த மறதி என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இப்படித்தான் என்று அக்காவும் சொன்னார். மறுநாள் புதுச் செருப்பு வாங்கினேன். இந்த இடத்தில்தான் நான் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது செருப்பு கழன்றது தெரியாமல் போயிருந்தால், தயவுசெய்து புதுச் செருப்பு வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

அதற்கு முன்பே ஓர் அடையாளம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தேன். ஷூவின் மேல்பக்கத் தோலின் விளிம்பில் பசை தடவி மடிக்கும் மேசை. அந்தப் பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். எங்கள் வரிசையில் பாதிப் பெண்களுக்குக் கையில் ஏதாவது ஒரு தேமல் இருக்கும். என் இடது கெண்டைக்காலில் ஓர் உள்ளங்கையளவு தோல் வெளிறியபோது, "சொல்யூஷன் அலர்ஜி" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். கையால் தொடும் பசை கெண்டைக்காலுக்கு எப்படிப் போகும் என்று நான் கேட்கவே இல்லை. பன்னிரண்டாவது வரை படித்தவள். இப்போதும் சில நாள் உட்கார்ந்து அதையே யோசிக்கிறேன்.

பாதம் மரத்துப்போய் முன்பாதம் துவளத் தொடங்கிய பிறகு, கணவர் தினேஷ் என்னை வேலூருக்கு அழைத்துப்போனார். தோல் நோய்ப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கையில் ஒரு நைலான் இழை வைத்திருந்தார்.

"தொட்டா, தொட்ட இடத்தை விரலால காட்டும்மா."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நெடுநேரம் அவர் தொடவே இல்லை. பரிசோதனை எப்போது தொடங்கும் என்று கேட்டேன்.

"முடிஞ்சுடுச்சும்மா. கண்ணத் திற" என்றார்.

கண்ணைத் திறந்தபோது தினேஷின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவர் முழுவதையும் பார்த்திருந்தார்.

தொழுநோய். அந்தச் சொல்லை மருத்துவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். கிருமியால் வருவது, பன்னிரண்டு மாதம் மாத்திரை போட்டால் முழுதாகக் குணமாகும், மாத்திரை தொடங்கிவிட்டால் என்னிடமிருந்து யாருக்கும் பரவாது, பால் கொடுக்கலாம் என்றார். உடம்பில் நெடுநாளாக இருந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தி திரும்பி வரும்போது கிருமியோடு சண்டையிட்டு நரம்புகள் வீங்கிவிட்டன (இதை எதிர்வினை என்கிறார்கள்). வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை தந்தார்.

"பிள்ளைக்கு?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மகள் யாழினியை அன்றே பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள்.

வீட்டில் நரம்புப் பிரச்சனை என்று மட்டும் சொன்னோம். அது பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல. மாத்திரையால் என் தோல் கருத்தது. பார்த்தவர்களெல்லாம் வெயிலில் அலையாதே என்றார்கள்.

சில மாதங்களில் துவண்ட கால் நிமிர்ந்தது. உள்ளங்காலின் உணர்வு திரும்பவில்லை. கிருமி போய்விட்டது, நோய் போய்விட்டது, மரத்த பாதம் மட்டும் இருக்கிறது. இதை ஏற்றுக்கொள்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. குணமானவளா நோயாளியா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று குழம்பினேன்.

யாழினிக்குப் பத்து மாதம் ஆனபோது பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் மேட்டில் ஒரு புண் வந்தது. முள் குத்தவில்லை, ஆணி ஏறவில்லை. நடந்து நடந்து வந்தது. உங்களுக்கு ஓர் இடத்தில் அழுத்தம் கூடினால் நீங்கள் அறியாமலே பாதத்தைச் சற்றுச் சாய்த்துக்கொள்வீர்கள். என் பாதம் அப்படிச் செய்யாது. ஒரே இடத்தில் ஆயிரம் முறை ஊன்றும். ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு ஆற்றினார்கள்.

கட்டைப் பிரித்த அன்று மருத்துவர் சொன்னார்.

"இந்தத் தடவை தோலோட போச்சு. அதே இடம் மறுபடி திறந்து எலும்புல சீழ் வச்சுதுன்னா, விரல எடுக்க வேண்டியிருக்கும். பெருவிரல் போனா நடையே மாறிடும். பாத்துக்கோ."

எதை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அதே மருத்துவமனையில் காலணி செய்யும் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கேதான் நசீமாவைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். எனக்கு எம்.சி.ஆர். செருப்பு (நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர் செருப்பு) அளவெடுத்துச் செய்தார். கூடவே, செருப்பில் விரித்துக்கொள்ள, பாதத்துக்கு ஒன்றாக மெல்லிய தகடும் தந்தார். பாதத்தின் வடிவில் வெட்டியது. காகிதம்போல வளைந்தது. உள்ளே வெள்ளிக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

"ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல ஒரு மாவு மாதிரி பூசியிருக்காங்கக்கா. கோடும் கோடும் வெட்டிக்கிற ஒவ்வொரு இடமும் ஒரு கண்ணு. அழுத்தினா அந்த மாவு நெருங்கி, கரன்ட் ஜாஸ்தியா ஓடும். விட்டா கம்மியாய்டும். அத வச்சு எங்க எவ்ளோ எடை இறங்குதுன்னு கண்டுபிடிக்குது. வளைக்கலாம். மடிக்காதீங்க. மடிச்சா அந்தக் கண்ணு செத்துடும்."

கணுக்காலில் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து என் கைபேசிக்குப் படம் வரும். குறைந்த எடை நீலம், பிறகு பச்சை, மஞ்சள், சிவப்பு. முதன்முறை எழுந்து நின்றபோது என் இரண்டு பாதங்களும் திரையில் தெரிந்தன. எனக்குச் சொந்தமான, எனக்குத் தெரியாத ஒன்றைப் பார்ப்பதுபோல இருந்தது. இடது பெருவிரல் மேட்டில் ஒரு சிவப்புப் பொட்டு.

இதே தகட்டைச் சக்கர நாற்காலி மெத்தையிலும் விரிக்கிறார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மணிக்கணக்கில் உட்காரும்போது எங்கே புண் வரப்போகிறது என்று முன்பே தெரிந்துகொள்ள. என்னிடம் தந்தது சோதனைக்கு. இரண்டு வாரம் வீட்டில் போட்டு நடந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும்.

அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் தலை சுற்றுகிறது.

காலையில் உட்கார்ந்து, பாதங்களைத் தூக்கிக்கொண்டு, திரையில் பூஜ்யத்தை அழுத்த வேண்டும். தொடர்ந்து அழுத்தம் பட்டால் அந்த மாவு களைத்துப்போகும், இல்லாத எடையையும் காட்டும் என்று நசீமா சொல்லியிருந்தார். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூஜ்யம். மாலையானால் படம் முழுவதும் ஒரு நிறம் ஏறியிருக்கும். களைத்தது தகடா, என் பாதமா? ஒரு நாள் முழுக்க நீலமாகவே இருந்தது. குணமாகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள்தான், நின்றுகொண்டே பூஜ்யத்தை அழுத்தியிருப்பேனோ என்று சந்தேகம் வந்தது. அப்படியானால் என் எடை முழுவதையும் அது கழித்திருக்கும். அழுத்தினேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

தினேஷ் வேறொரு கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருக்கிறார். ஒவ்வோர் ஆர்டருக்கும் முதல் ஷூவை அங்கேதான் செய்வார்கள். அதைப் போட்டு நடந்து பார்க்க ஓர் ஆள் உண்டு. அந்த ஆள், இந்த இடம் உறுத்துகிறது என்று விரல் வைத்துக் காட்டினால், உள்ளே அதே இடத்தில் ஒரு ஃபோம் துண்டை ஓரம் சீவி ஒட்டுவது தினேஷின் வேலை.

சிவப்பைப் பார்த்ததும் அவர் அதைத்தான் செய்தார். தகட்டைப் பக்குவமாகத் தூக்கி, அடியில் அந்தப் பொட்டுக்கு நேராக, ரூபாய் நாணயம் அளவு ஃபோம் ஒட்டினார்.

"நின்னு பாரு."

நின்றேன். சிவப்பு பெரிதாகியிருந்தது.

"ஒரு லேயர் பத்தல" என்றார். இன்னொன்று ஒட்டினார். இம்முறை ஆட்டுத்தோல். எங்கள் ஊரில் கிடைக்கும் மிக மிருதுவான லைனிங். சிவப்பு இன்னும் அடர்ந்தது.

"இன்னாங்க இது, மெத்துன்னு வைக்க வைக்க ஜாஸ்தியாவுது?"

"மெஷின் பேஜார் பண்ணுது. நான் எத்தினி ஷூ பாத்திருக்கேன். கால் மெத்துன்னு இருக்கா இல்லையா, நீ சொல்லு."

என்னால் சொல்ல முடியாது என்பது அவருக்கும் ஒரு நொடி மறந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் யாழினியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஃபோமும் தோலும் அங்கேயே இருந்தன. நானும் விட்டுவிட்டேன். பத்து வருடம் ஷூ செய்தவருக்குத் தெரியாதது ஒரு தகட்டுக்குத் தெரியுமா என்று அன்று நினைத்தேன். தெரியாமலா மருத்துவமனை தந்தது என்றும் நினைத்தேன்.

நான் செய்த தவறு வேறு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தினேஷ் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். பத்து மணிவாக்கில் யாழினிக்குத் தூக்கம் வரும். கையை நீட்டிக்கொண்டு என் காலடியில் நின்று அழுவாள். இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால்தான் தூங்குவாள். நடந்தேன். தினமும். நோட்டில் "துணி மடித்தேன்" என்று எழுதினேன். ஒரு நாள் "வீடு பெருக்கினேன்" என்று மாற்றி எழுதினேன், ஒரே மாதிரி இருக்க வேண்டாமே என்று.

இரண்டு வாரம் கழித்துக் காலணிப் பிரிவில் நசீமா தகட்டை எடுத்துப் பார்த்தார். அடியில் இருந்த ஃபோமையும் தோலையும் பார்த்தார். தினேஷ் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்க ஷூ கம்பெனியா?"

"ஆமா. எப்டி தெரியும்?"

"ஃபினிஷிங் சூப்பரா இருக்கு. வெளியாள் பிசிறு இல்லாம இப்டி ஒட்ட மாட்டாங்க." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, செருப்பின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். "உங்க ஷூ போடுறவருக்கு உறுத்துனா, மெத்து வைங்க, சுகமா இருக்கும். கால அவரே ஒதுக்கிக்குவார். அக்காக்கு அது கெடையாது. மேடான எடத்துல மெத்து வச்சா மேடு இன்னும் ஏறுது. மொத்த எடையும் அங்கதான் வந்து உக்காரும். இங்க வைக்கக் கூடாதுண்ணா. எடுக்கணும்."

தினேஷ் தகட்டின் அடியிலிருந்து ஃபோமை உரித்தெடுத்தார். அந்த ஃபோம் துண்டை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

நசீமா கணினியில் எடைப் பதிவின் கோடுகளைத் திறந்தார். என் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பாதத்தையும் கூட்டினா உங்க எடை வரணும்கா. அம்பத்தி ரெண்டு. தினமும் பத்து மணிக்கு மேல மட்டும் அறுபத்தி ஒண்ணரைக்குப் போவுது. அதுவும் இடது பக்கமே சாயுது. இதுல துணி மடிச்சேன்னு எழுதியிருக்கீங்க. ஒம்பதரை கிலோவுக்கு வீட்ல இன்னா தூக்குறீங்க?"

"தண்ணிக் குடம்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"குடம் சும்மா இருக்கும். இது அசையுதுக்கா. கையக் கால ஆட்டுது." கோட்டின் மேல் விரல் வைத்தார். சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டே போன கோடு, இருபது நிமிடத்தில் மெல்ல மெல்ல அடங்கி நேராகிவிட்டது. "இங்க தூங்கிட்டா போல."

தினேஷ் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகள் தூங்கிப்போகும் கணம் என் பாதத்தில் பதிந்திருக்கிறது. எனக்கு அது தெரிந்ததே இல்லை.

மருத்துவர் வந்து அந்த மேட்டில் தடித்திருந்த தோலைக் கத்தியால் சீவினார். வலிக்கவில்லை. அடியில் கறுப்பாக ஓர் இடம் (தோலுக்குக் கீழே ரத்தக் கசிவு). புண் இன்னும் திறக்கவில்லை.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா தெறந்திருக்கும்" என்றார்.

"மேடம், நான் வச்ச மெத்தால வந்துதா?" என்று தினேஷ் கேட்டார்.

"இல்ல மேடம், நான் பிள்ளையத் தூக்கினேன்" என்றேன்.

"நீ சும்மாரு. ரெண்டு லேயர் வச்சது நான்."

"தெனமும் தூக்கினது நானு."

மருத்துவர் இருவரையும் பார்த்தார். "எதுன்னு எனக்கும் தெரியாது. ரெண்டும் சேந்திருக்கும். இல்ல, ரெண்டும் இல்லாமலே வந்திருக்கும். சண்ட போட்டுக்கிட்டே இருங்க, ஆனா மூணு வாரம் கால ஊனக் கூடாது."

எதனால் என்பது இன்று வரை தெரியவில்லை. நீங்களும் இந்தக் கேள்வியோடு இருப்பீர்கள் என்றால், பதில் கிடைக்காமலும் புண் ஆறும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

மூன்று வாரத்துக்குத் தினேஷின் அக்கா வந்து யாழினியைப் பார்த்துக்கொண்டார். அவரிடம் நோயின் பெயரை நானே சொன்னேன். "இதுக்கா இத்தினி நாளா நரம்பு நரம்புன்னு சுத்தி வளச்ச?" என்றார். மறுநாள் அவர் தனி டம்ளர் எடுத்து வைத்தாரா என்று கவனித்தேன். வைக்கவில்லை. கவனித்ததற்கு வெட்கப்பட்டேன்.

நான்காவது வாரம் காலணிப் பிரிவில் தினேஷ் தானே கத்தியைக் கேட்டு வாங்கினார். செருப்பின் ரப்பரில் அந்தப் பொட்டு வரும் இடத்தை நசீமா பேனாவால் வட்டமிட்டார்.

"பள்ளம் பண்ணா போதாதுண்ணா. விளிம்பு நின்னா விளிம்பே குத்தும். சரிச்சு எடுங்க."

அது அவருக்குத் தெரிந்த வேலை. தோலின் ஓரத்தைச் சீவுவதுபோல ரப்பரைச் சீவிச் சீவி, கண்ணுக்குத் தெரியாத சரிவாக ஆக்கினார். சீவியது போதுமா என்று ஒவ்வொரு முறையும் என்னை நிற்க வைத்துத் திரையைப் பார்த்தார். நான்காவது முறை சிவப்பு மஞ்சளாகி, சுற்றிலும் பச்சை பரவியது. "இன்னும் கொஞ்சம்" என்றார். "போதும்ணா, ஓட்டையாய்டும்" என்று நசீமா கத்தியை வாங்கிக்கொண்டார்.

தகட்டை அன்றோடு கழற்றிக் கொடுத்துவிட்டோம். எனக்குப் பயமாக இருந்தது. இனி நிறம் இல்லை. இனி யார் சொல்வார்கள்?

இப்போது யாழினிக்கு இரண்டு வயது. புண் திறக்கவில்லை. தினமும் மாலையில் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, கண்ணாடியில் பார்க்கிறேன். புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்க்கிறேன். சூடு ஏறியிருந்தால் மறுநாள் நடை குறைவு. சில நாள் சூடு இருப்பது கையிலா காலிலா என்று தெரியாது. அப்போது தினேஷின் புறங்கையையும் வைக்கச் சொல்வேன். இருவருக்கும் தெரியாவிட்டால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறோம்.

முன்பெல்லாம் என் பாதம் என்னோடு வந்தது. இப்போது அதை நான் அழைத்துப்போகிறேன். அடிகள் சிறியவை. அரை மணிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், அதில் எத்தனை முறை உட்காருவேன் என்றுதான் முதலில் நினைக்கிறேன்.

போன வாரம் பரிசோதனை முடிந்து வேலூரில் ஆம்பூர் பேருந்துக்காக நானும் யாழினியும் நின்றோம். பேருந்து வருவது தெரிந்தது. கூட்டம் ஓடியது. யாழினி பயந்துபோய் என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். இப்போது பன்னிரண்டு கிலோ. தூக்கிக்கொண்டு பத்தடி ஓடினால் ஏறியிருக்கலாம். பத்தடிதான். அதனால் என்ன ஆகிவிடும் என்றும் தோன்றியது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றும் தோன்றியது.

அங்கேயே நடைமேடையில் உட்கார்ந்தேன். ஓடியவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வரலியா?" என்று நடத்துநர் படியிலிருந்து கேட்டார்.

"நீங்க போங்கண்ணா."

யாழினி என் மடியில் ஏறினாள். முதலில் முழங்காலைப் பிடித்தாள், பிறகு தோளைப் பிடித்தாள், இரண்டு முறை சறுக்கினாள், மூன்றாம் முறை ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய எடை முழுவதும் என் தொடையில் இறங்கியது. அங்கே எனக்கு எல்லாம் தெரியும். முதலில் அவள் கால் ஆடியது. பிறகு கை தளர்ந்தது. தலை கனத்தது. பேருந்து போய்விட்டது. அடுத்தது வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அதையும் விட்டுவிட்டேன்.